தலையாட்டி

"அண்ணை, அந்த ஆள் என்னைப் பார்த்துத் தலையாட்டினவன். கண்டனீங்களோ?"

கேட்டவள் வேணுஜா. ஓய்வறையில் அவளையும் முருகேசுவையும் இராஜேஸ்வரியையும் தவிர வேறு யாரும் இல்லை. ஹம்பேர்க் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த மீன் தொழிற்சாலையில், நாலாம் மேசையில் ஆளுக்கொரு தராசில் மீனை நிறுத்துப் பெட்டியில் அடைப்பவர்கள் இந்த மூவரும்தான்.

"எனக்கும் ஆட்டினவன்," என்றாள் இராஜேஸ்வரி. "அண்ணைக்கும் ஆட்டினவன். மற்ற மேசையளிலை எல்லாம் இல்லை எண்டுதான் தலையை அசைச்சவன்."

அரை மணி நேரத்துக்கு முன் நடந்தது அது. இயந்திர இரைச்சலுக்கு நடுவே முதலாளி உள்ளே வந்தார். அவரோடு இன்னோர் உருவமும் வந்தது. வெள்ளை அங்கி, காதுவரை இழுத்த தொப்பி, முகக்கவசம். அங்கே எல்லோருக்கும் அதே வேடம்தான், ஆனால் இந்தக் கண்களை யாரும் முன்பு பார்த்ததில்லை. ஒவ்வொருவர் முன்னாலும் நின்றது. குனிந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தது. வாயைத் திறக்கவே இல்லை, தலையை மட்டும் அசைத்தது. முதலாளி உடனே கொப்பியில் ஏதோ எழுதினார்.

மற்றவர்கள் இதைக் கண்டுகொள்ளவே மாட்டார்கள். யாழ்ப்பாணத்தில் இராணுவச் சுற்றிவளைப்பில் நின்றவர்களுக்குத்தான் இதன் அர்த்தம் தெரியும். அங்கே முகத்தை மூடிய ஒருவனை ஜீப்பில் இருத்தி, ஊராரை ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவிடுவார்கள். அவன்தான் தலையாட்டி. அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வேணுஜாவின் மாமா அப்படிப் போனவர்தான். இன்றுவரை வீடு திரும்பவில்லை.

"தலையாட்டியைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாங்கள் அண்ணை," என்றாள் வேணுஜா.

"சும்மா இரு பிள்ளை. இது ஜெர்மனி," என்றார் முருகேசு. சொல்லிவிட்டு எழுந்துபோய் ஓய்வறைக் கதவைச் சாத்தினார்.

பயப்படக் காரணம் இல்லாமல் இல்லை. போன கிழமை மூவரும் தொழிற்சங்க அலுவலகத்துக்குப் போய், யாருக்கும் சொல்லாமல் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்திருந்தார்கள். தொழிற்சாலைக்கு ஒரு தொழிலாளர் குழுவைத் தேர்ந்தெடுக்க எல்லோரையும் கூட்டத்துக்கு அழைக்கும் கடிதம் அது. மூன்று பேர் அழைத்தால் போதும். நாளைக் காலை அறிவிப்புப் பலகையில் அதை ஒட்டிவிட்டால், அந்த மூவர் மேல் முதலாளி கை வைக்கச் சட்டம் லேசில் விடாது. ஒட்டும்வரைதான் கண்டம்.

"பக்கத்து ஃபக்டரியிலை சங்கம் வந்தபிறகுதானே மணித்தியாலத்துக்கு ஒருக்கா கை சூடாக்க விடுறாங்கள்? இஞ்சை எங்கடை விரலைப் பாருங்கோ, விறைச்சுப்போய்க் கிடக்கு," என்றார் முருகேசு. "நாளைக்குக் காலமை வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தாக் காணும்."

"அதுக்குள்ளை வேலையாலை நிப்பாட்டினா?" என்று கேட்டாள் வேணுஜா.

"சங்கம் வழக்குப் போடும்."

"உங்களுக்குப் போடும் அண்ணை. நீங்கள் பத்தொன்பது வருசம் நிரந்தரம். எனக்கு ஆறு மாசக் கொன்ட்ராக்ட். என்னை நிப்பாட்டவே தேவையில்லை, புதுப்பிக்காமல் விட்டாக் காணும். அதுக்குச் சங்கம் என்ன செய்யும்?"

முருகேசு தேநீர்க் கோப்பையைக் கழுவத் தொடங்கினார். இதே கேள்வியைச் சங்க அலுவலகத்திலும் அவள் கேட்டிருந்தாள். அங்கிருந்த பெண் அலுவலரும் இப்படித்தான் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.

வேணுஜாவின் கணவன் மிதுஷன் யாழ்ப்பாணத்தில் விசாவுக்குக் காத்திருக்கிறான். இவளுக்கு வேலை இருந்தால்தான் அவனுக்கு விசா. இரண்டு வருடமாகக் கைப்பேசியிலேயே குடும்பம் நடத்துகிறவளுக்கு அந்த வேலை எவ்வளவு பெரிசு என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

"இஞ்சை எங்கள் மூண்டு பேருக்குத்தானே தெரியும்," என்றாள் இராஜேஸ்வரி மெதுவாக. "அப்ப ஆர் சொன்னது?"

காலையில் ஒரே டப்பாவிலிருந்து புட்டு எடுத்துச் சாப்பிட்டவர்கள், ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கப் பயந்துகொண்டு இருந்தார்கள். எல்லோரும் முகக்கவசத்தை மறுபடி மேலே இழுத்துக்கொண்டார்கள்.

வேணுஜா எழுந்தாள். "ரொய்லட்டுக்குப் போட்டு வாறன்," என்றாள்.

போனது மேல்மாடியில் இருந்த முதலாளியின் அறைக்கு.

கண்ணாடிச் சுவருக்குக் கீழே வேலைத்தளம் தெரிந்தது. அந்த வெள்ளை உருவம் அங்கே இன்னும் உலாவிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்று, தலையை உயர்த்தி, இவள் நின்ற இடத்தைப் பார்த்தது. வேணுஜா கண்ணாடியிலிருந்து விலகிக்கொண்டாள்.

"உங்கள் கொப்பியிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்," என்று மூச்சு விடாமல் ஜெர்மன் மொழியில் சொன்னாள். "முருகேசுவும் இராஜேஸ்வரியும் கேட்டபடியால்தான் கையெழுத்து வைத்தேன். நாளைக் காலை அந்தக் கடிதத்தை ஒட்டப்போகிறார்கள். எனக்குச் சங்கமும் வேண்டாம், குழுவும் வேண்டாம். என் கொன்ட்ராக்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்."

முதலாளி அவள் முகத்தையே பார்த்தார். கொப்பியைத் திறந்து இரண்டு பெயர்களை எழுதினார். அவராகப் போ என்று சொல்லும்வரை பேசாமல் நிற்கலாம் என்று நினைத்தாள், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எங்களைப் பார்த்துத் தலையாட்டினாரே, அவர் யார்? அவருக்கு எங்களை எப்படித் தெரியும்?"

"அவருக்கு இங்கே யாரையும் தெரியாது," என்றார் முதலாளி. "தராசுகளைச் சோதிக்க வந்தவர். உங்கள் மேசையில் இருக்கிற மூன்றும் சரி, மற்றதெல்லாம் பிழை என்றார்."

பிறகு எழுந்து வந்து, அவளுக்காகக் கதவைத் திறந்துவிட்டார்.

"கடிதம், சங்கம், அந்த இரண்டு பேர் எல்லாமே நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மிக்க நன்றி."