புளி போட்ட பம்பர்

"ஏன் புள்ள, இதென்ன பம்பரா, குத்துவெளக்கா?"

ராசு இப்படிக் கேட்டபோது சொர்ணவல்லிக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. அவ்வளவு பளபளப்பாகவா துலக்கியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகுதான் புருஷனின் முகத்தைப் பார்த்தாள்.

காய்ச்சலில் கிடந்துவிட்டு அன்றுதான் எழுந்து வந்திருந்தான். செட்டியார் வீட்டுப் பிளசர் காருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். பம்பர் முழுக்கப் பழுப்புப் பழுப்பாகத் துருப் பொட்டு. அம்மை வார்த்துத் தேறிய முகம் மாதிரி இருந்தது.

"புளி போட்டியா?"

"செங்கப்பொடியும் போட்டேன்."

ராசு தலையில் கைவைத்துக்கொண்டான். வந்த சிரிப்பை அடக்கத்தான் வைத்தான் என்று அவளுக்குப் பட்டது.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்த வீட்டில் மின்ன வேண்டியது எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான். சொம்பு, குடம், தவலை, எல்லாவற்றுக்கும் புளி. புருஷன் படுத்துவிட்டானே, டிரைவர் வேலையில் துடைக்கிற பங்கையாவது நாம் பார்ப்போம் என்று ஆசை ஆசையாகத் தேய்த்தாள். அன்றைக்கு அது மின்னிய மின்னலில், ஒரு சேவல் வந்து பம்பருக்குள் தெரிந்த சேவலோடு சண்டைக்கே நின்றது.

மறுநாள் ஐப்பசி மழை. ஷெட்டுக்குள் சாரல். செங்கல்பொடி கீறிய இடத்திலெல்லாம் ஈரம் இறங்கிவிட்டது.

ராசு அந்தக் குரோமியத்துக்குப் பழைய பனியன் துணியைத் தவிர வேறெதையும் காட்டியதில்லை. மழைக்காலம் வந்தால் தேங்காய் எண்ணெயை விரலில் தொட்டு, கைக்குழந்தைக்குப் பூசுவதுபோல் பூசுவான். பூசிய தடம் தெரியாமல் துடைத்தும் விடுவான்.

நாச்சியப்பச் செட்டியார் மூன்று வருஷம் கழித்துப் பினாங்கிலிருந்து அன்று வருகிறார். சாயங்கால ரயிலுக்குத் திருமயம் ஸ்டேஷனில் வண்டி நிற்க வேண்டும்.

இறங்கியதும் சம்சாரம் கண்ணம்மை ஆச்சி சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் கார் சௌக்கியமா என்று கேட்கிற மனிதர் அவர். பம்பரில் குனிந்து திருநீற்றைச் சரிசெய்துகொண்டுதான் வண்டியில் ஏறுவார். கதவுக் கைப்பிடியில் துரு கண்டதற்கே போன தடவை பழைய டிரைவர் அய்யாக்கண்ணுவின் சீட்டுக் கிழிந்தது. இப்போது அவர் கீரமங்கலம் சந்தைக்கு மாட்டுவண்டி ஓட்டுகிறார்.

"எனக்கு மாடு ஓட்டவும் தெரியாதே," என்றான் ராசு.

ஒரே ஒரு வழி இருந்தது. திருச்சி ஒர்க்‌ஷாப்பில் அவன் பார்த்தது.

"சிகரெட் பெட்டிக்குள்ள வெள்ளையா மினுங்குமே, ஈயத்தாளு, அது வேணும். தண்ணியில நனைச்சுத் தேச்சா துருவை மட்டும் வழிச்சுக்கிட்டு வந்துரும்."

சொர்ணவல்லி சேவுகன் கடைக்கு ஓடினாள். சேவுகன் தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சிகரெட்டா? ராசு எப்ப ஆத்தா தொரையானான்? இங்கிட்டுப் பீடியும் சுருட்டுந்தான்."

வெறுங்கையோடு திரும்பினாள். ராசு சைக்கிளை எடுத்தான். "திருமயம் வரைக்கும் மிதிச்சுட்டு வாரேன்." காய்ச்சல் விட்ட உடம்பு. தெருமுனை திரும்பும்போதே சைக்கிள் ஆடியது.

அவன் திரும்பி வந்து, தேய்த்து முடித்து, ரயிலுக்கும் போய் நிற்பது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

சொர்ணவல்லி பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பொட்டாக நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பின்னால் புடவை சரசரத்தது.

கண்ணம்மை ஆச்சி. செட்டியார் ஊரில் இல்லாத காலத்தில் வீட்டைக் கட்டி ஆள்கிறவர். ஷெட்டுப் பக்கம் வருகிறவரே இல்லை.

ஆச்சி பம்பரைப் பார்த்தார். அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

சொர்ணவல்லி எழுந்தாள். "நான்தான் ஆச்சி. புளி போட்டுட்டேன். அவரு மேல ஒண்ணும் இல்லங்க, கொழந்தையாட்டம் பாத்துக்கிட்டாரு."

"எங்க அவன்?"

"ஈயத்தாளுக்குப் போயிருக்காருங்க. சிகரெட் பெட்டிக்குள்ள இருக்குமாம். அதாலதான் போகுமாம்."

ஆச்சி திரும்பி வீட்டுக்குள் போய்விட்டார்.

அவ்வளவுதான், வேலை போச்சு என்று நினைத்தாள். பித்தளைச் சாமான் ரெண்டு, பாய் ஒன்று, கட்டுவதற்கு அதிக நேரமாகாது.

ஆனால் ஆச்சி திரும்பி வந்தார். மடியிலிருந்து சின்னக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

ஈயத்தாள். நகத்தால் நீவி, சுருக்கமெடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வாழைநாரால் கட்டியிருந்தது. அந்த வீட்டில் எதையும் எறிகிற வழக்கமில்லை. பார்சல் வந்த கயிறுகூட என்றைக்காவது ஆகும் என்று பெட்டிக்குள் போய்விடும்.

சொர்ணவல்லி ஒரு தாளை நனைத்து ஒரு பொட்டின்மேல் வைத்துத் தேய்த்தாள். துரு கரைந்து கரியாக வந்தது. துணியால் துடைத்தாள். பொட்டு இருந்த இடத்தில் அவள் மூக்குத்தி மின்னியது.

சந்தோஷத்தில் அடுத்த தாளைப் பிரித்தாள். உள்ளே இரண்டு மூன்று புகையிலைத் துணுக்குகள். இன்னும் காயாமல், மணத்தோடு.

கை நின்றது.

செட்டியார் வெற்றிலைகூடப் போடாதவர். அவர் கப்பலேறிய நாளிலிருந்து அந்த வீட்டில் வேறு ஆண்பிள்ளை தங்கியதுமில்லை.

மெல்ல நிமிர்ந்தாள். ஆச்சி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் இத்தனை நாளும் அவள் காணாத ஒரு சிரிப்பு, உதட்டுக்கு வராமல் கன்னத்திலேயே நின்றது.

தாள் எங்கே கிடைத்தது என்று வீட்டுக்காரர் வந்து கேட்டால் என்ன சொல்லட்டும் என்று கேட்க வாயெடுத்தாள்.

ஆச்சி மடியிலிருந்து ஒரு கிராம்பை எடுத்து வாயில் போட்டு, உள்ளங்கையில் ஊதி மோந்து பார்த்துக்கொண்டார். கொசுவத்தைச் சரிசெய்துகொண்டார். வீட்டுக்குள் போய்விட்டார்.