தூக்கிப் போடும் வண்டி

கிசுமு ஆஸ்பத்திரியில் மகள் நலியாகாவுக்குப் பிரசவ வலி. தொலைவில் எல்டோரெட்டில், மெக்கானிக் கிப்ரோனோவின் பட்டறையில் தாய் நெகேசாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கியர் மாறும்போதெல்லாம் தூக்கிப் போடுது. கிழட்டு ஆட்டோமேட்டிக் வண்டி, இனி தேறாது. பஸ்ல போயிடலாம்" என்றார் கணவர் வஃபூலா.

"நீங்க சும்மா இருங்க."

கிப்ரோனோ கியர் ஆயிலை முகர்ந்து பார்த்தான். கருகல் வாசனை இல்லை; கியர்பாக்ஸ் கெடவில்லை. வண்டிக்கு அடியில் புகுந்தவன் சிரித்தான்.

"அம்மா, கியர்பாக்ஸுக்குப் போற ஒயர் கழண்டு கிடக்கு. தானா கழலாது, யாரோ புடுங்கியிருக்காங்க."

"எந்தப் பாவி? அவன் கை அழுகிப்போக!"

ஒயரைச் செருகி ஒரு சுற்று ஓட்டினான். வண்டி அலுங்காமல் வழுக்கிக்கொண்டு போனது.

"ஏறுங்க நலியாகா அப்பா, கிளம்பலாம்!"

வஃபூலா அசையவில்லை.

"நான்தான் புடுங்கினேன்" என்றார். "கண்ணு மங்கிட்டு வருது. போன வாரம் வண்டி ஓட்டறப்ப, ரோட்டக் கடந்த புள்ள பக்கத்துல வந்தப்புறந்தான் தெரிஞ்சுது. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

நெகேசா சாவியைக் கிப்ரோனோவிடமே திருப்பி நீட்டினாள்.

"தம்பி, கிசுமு வரைக்கும் நீ ஓட்டு."

பின்சீட்டில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

"பேரப்புள்ள முகமாவது தெரியுமா உங்களுக்கு?"

"மடியில போடு. தெரியும்."