ஓரத்தில் ஒரு வரி

காட்டுப் பூங்காவின் வாசலில் ஜீப் நின்றதும் ஓய்வுபெற்ற வனத்துறை அதிகாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு குதித்தார்.

“கக்கூஸ் எங்கய்யா?”

“கிடையாதுங்க,” என்றார் காவலர்.

“ஒரு கக்கூஸ் கட்டத் துப்பில்லை! மேல உக்காந்திருக்கிறவன் என்னத்தைக் கிழிக்கிறான்?”

“வருஷா வருஷம் கேட்டு எழுதினோம். திரும்பி வந்ததுதான் இது.”

சுவரில் ஒட்டியிருந்த பழைய கடிதத்தின் ஓரத்தில் யாரோ பேனாவால் எழுதியிருந்ததைக் காவலர் வாசித்தார்: “காட்டுக்குள் கழிப்பறை எதற்கு? புதர் போதும்.”

“எந்த மடையன் எழுதினது?”

ஜீப்பிலிருந்து இறங்கி வந்த அதிகாரியின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தருகே குனிந்தாள்.

“இந்தக் கோழி கிண்டின எழுத்தோடதான் முப்பது வருஷமா மளிகைச் சீட்டுல மாரடிக்கிறேன். அந்த மடையன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?” என்றாள். “போங்க, உங்க புதர் அதோ இருக்கு.”