பாலத்தில் ஏழு பேர்

விடிந்தால் பழைய பாலத்தை இடித்துவிடுவார்கள். கரையில் நின்று அதை ஏழு படங்களாக எடுத்து ஒன்றாக ஒட்டுவது செல்வினின் திட்டம். இருட்டு என்பதால் ஒவ்வொன்றுக்கும் காமிரா அரை நிமிடம் திறந்திருக்கும். நடக்கிறவன் பதிய மாட்டான், நிற்கிறவன் பதிந்துவிடுவான். பாலத்தில் சைக்கிளை உருட்டி வந்தவரோ காமிரா திரும்பும் இடத்திலெல்லாம் நின்றார். செல்வின் காத்திருந்தால் அவரும் காத்திருந்தார்.

“யோவ், நிக்காம போய்யா.”

“போட்டோ எடுக்கறப்ப குறுக்க நடக்கலாமா சார்? நீங்க எடுங்க, நான் அசையல.”

வீட்டில் கணினியில் ஒட்டிப் பார்த்தால் பாலம் நெடுக ஏழு சைக்கிள்காரர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இடமிருந்து ஒவ்வொருவராக அழித்தான். ஆறு பேர் போனார்கள். பாலத்தின் கோடியில் நின்ற ஏழாமவர், பின்னால் வந்தவர்களைக் காணோமே என்பதுபோல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.