பரிசாக வந்த பெட்டி

“அழிச்சிட்டியா? மொத்தத்தையுமா?”

மா நுவே தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

“மொத்தத்தையும்தான் டீச்சர்,” என்றான் பியே சோன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மனுஷன் நேத்து சாயங்காலம்தானே ஆசையா கொண்டுவந்து கொடுத்தார்?”

தாய்லாந்து எல்லையூரான மே சோட்டில், பைக் மெக்கானிக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் அவர்கள் ஆபீஸ். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்மாவுக்குள், ராணுவ ஆட்சிக்கு எதிரான வேலைநிறுத்தத்தில் சேர்ந்து சம்பளத்தை இழந்த டீச்சர்கள், நர்சுகளின் குடும்பங்களுக்குப் பணம் அனுப்புவது வேலை. பேங்க் வழியாக அனுப்பினால் ராணுவத்தினர் வாங்கியவர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மா நுவேயோடு ஒரே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவளை அப்படித்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அதனால் மொனேரோ. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார்கள் என்று வெளியே தெரியாத கம்ப்யூட்டர் காசு. உள்ளே ஒருத்தன் அதை பர்மாப் பணமான கியாட்டாக மாற்றி, சைக்கிளில் போய்க் கொடுத்துவிடுவான்.

அதற்கு ஒரு நோடு வேண்டும். அந்தக் காசின் கணக்கை ஆரம்பத்திலிருந்து தன்னிடம் வைத்துக்கொண்டு, தானே சரிபார்க்கிற கம்ப்யூட்டர். இவர்களுடைய நோடு ஒரு இடியில் போய்விட்டது. கேள்விப்பட்டதும், மார்க்கெட் தெருவில் போன் கடை வைத்திருக்கும் ஊ ஓன் மௌங், எல்லாவற்றையும் ஏற்றித் தயாராக ஒரு புதுப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். சொருகினால் போதும்.

நெட் கேபிளைச் சொருகும் முன்பே பியே சோன் டிஸ்க்கைத் துடைத்துவிட்டான்.

“மறுபடி ஏறி முடிக்க எத்தனை நாள்?”

“இந்த நெட்டுக்கு ஒரு வாரமாவது ஆகும்.”

“அங்க பேத்திக்குப் பால்மாவு தீர்ந்துபோச்சுன்னு டாவ் கின் மே மெசேஜ் போட்டிருக்காங்க. நான் என்ன பதில் சொல்ல? எங்க தம்பிக்குப் பெட்டி கழுவுற நோய் வந்திருக்குன்னு சொல்லவா?”

பியே சோன் சிரிக்கவில்லை. “அதுக்குள்ள யாராவது உளவு பார்க்க எதையாவது வெச்சிருந்தா, நாம எங்கேருந்து எப்ப அனுப்பறோம்னு அவனுக்குப் போயிட்டே இருக்கும். காசு ஒளிஞ்சுதான் இருக்கும் டீச்சர். நாம மாட்டிக்குவோம்.”

“யாராவதுன்னா? ஊ ஓன் மௌங்கா? நமக்கு அரிசி மூட்டை இறக்கினவர்ப்பா அவர்.”

“எங்கம்மா கொடுத்திருந்தாலும் அழிச்சிருப்பேன்.”

“உங்கம்மா செருப்பைக் கழட்டியிருப்பாங்க.” அவள் சற்று இறங்கி வந்தாள். “சரி, நெட்ல யாரோ சும்மா நோடு கொடுக்கறாங்களாமே. அதுவரைக்கும் அதுல அனுப்பேன்.”

“அந்த யாரோ யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?”

மா நுவே அதன்பிறகு அவனோடு பேசவில்லை. அக்கம்பக்கத்தில் வாங்கிச் சமாளிக்கும்படி டாவ் கின் மேவுக்கு எழுதினாள். எழுதும்போதே கூசியது.

பியே சோன் மென்பொருளைப் புதிதாக இறக்கினான். அதை உருவாக்கியவர்களின் டிஜிட்டல் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே ஏற்றினான். எங்கெங்கோ இருக்கிற நோடுகளிலிருந்து பழைய கணக்கு மெதுவாக வந்து சேர்ந்தது. கரண்ட் போனால் நின்றது. வந்தால் தொடர்ந்தது.

அது பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது, ஒரு பை நிறையச் சுரைக்காய் பஜ்ஜியோடு ஊ ஓன் மௌங் வந்து நின்றார். திரையைப் பார்த்தார்.

“இன்னும் ஏறிட்டா இருக்கு? நான் முழுசா ஏத்தித்தானே கொடுத்தேன்?”

மா நுவே முந்திக்கொண்டாள். “கரண்ட் போயிட்டு வந்ததுல ஏதோ கோளாறு பெரியப்பா.”

“இல்லை,” என்றான் பியே சோன். “நான்தான் அழிச்சேன்.”

பெரியவர் பஜ்ஜிப் பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“என்மேல சந்தேகமா?”

“சந்தேகம் இல்லை பெரியப்பா. ஆனா நம்பவும் முடியாது. போற பணம் என்னோடது இல்லை. அதை வாங்குறவங்க உசுரும் என்னோடது இல்லை.”

“அழிக்கறதுக்கு முன்னால, உள்ள ஏதாவது இருக்கான்னு பார்த்தியா?”

“பார்க்கலை. இருந்தாலும் அழிப்பேன், இல்லைன்னாலும் அழிப்பேன்.”

அவர் பையை மேஜையில் வைத்தார். படியிறங்கினார்.

மா நுவே பின்னாலேயே ஓடினாள். “அவனுக்குப் பேசத் தெரியாது பெரியப்பா. தப்பா எடுத்துக்காதீங்க.”

பாதிப் படியில் அவர் நின்றார். “இதே மாதிரி பெட்டி இன்னும் சில குழுக்களுக்கும் கொடுத்தேன் டீச்சர். எல்லாரும் கும்பிட்டு வாங்கினாங்க. போட்டோ எடுத்தாங்க. அன்னிக்கே சொருகி, அன்னிக்கே பணம் அனுப்பிட்டாங்க.”

“அதைத்தான் நானும் இவன்கிட்ட தலையால தண்ணி குடிச்சு சொன்னேன்.”

ஊ ஓன் மௌங் திரும்பி மேலே ஏறினார். அவள் உள்ளே வரும்வரை காத்திருந்து, கதவைச் சாத்தினார். பியே சோன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“என் மக சிங்கப்பூர்ல இருக்கான்னு ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேன்,” என்றார் மெல்ல. “அவ ஆத்துக்கு அந்தப் பக்கம், மொன்யுவா ஊர்ல நர்ஸ். வேலைநிறுத்தத்துல சேர்ந்ததுலேருந்து ஒளிஞ்சுதான் இருக்கா. யாரை நம்பறதுன்னு தெரியாம இதுவரைக்கும் ஒரு காசு அனுப்பினதில்லை. என்னையே நம்பாத உன்கிட்டதான் தம்பி அவ பேரைச் சொல்ல முடியும்.”