சீல் பிரிக்காத பெட்டி

"ஏட்டி, அந்த மிஷின நிறுத்துதியா, இல்ல நான் வந்து பிளக்கப் பிடுங்கவா?"

கோமதிநாதன் போட்ட சத்தத்தில் வாசலில் படுத்திருந்த பூனைகூட எழுந்து ஓடியது. பின்கட்டில் அவர் மனைவி பிரம்மநாயகி மட்டும் அசையவில்லை. புளியங்குடி எலுமிச்சையில் போட்ட ஊறுகாய் பாட்டில்களுக்கு வரிசையாகப் பிளாஸ்டிக் உறை மாட்டி, சூட்டுக்காற்று மிஷினைக் காட்டிக்கொண்டிருந்தாள். சூடு பட்டதும் உறை சுருங்கிப் பாட்டிலோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் பழைய டிவிடி பிளேயரில் அம்மன் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அம்பது பாட்டில் இன்னைக்கு பஸ்ஸுல ஏத்தணும். ஒங்க சீமைத்துரை வந்தா வாசல்ல நிக்கட்டும்," என்றாள்.

"ஆள் இருக்கும்போது வாயத் தொறந்து பாரு, அப்புறம் இருக்கு ஒனக்கு."

"கேக்காத பாட்டுக்கு ஒரு பீரோ. அதப் பாக்க ஒரு ஆளு. நல்லா இருக்கு!"

கோமதிநாதன் தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க். சங்கரன்கோவிலில் அவரோடு வேலை பார்த்தவர்கள் மனை வாங்கிப் போட்டார்கள். இவர் சிடி பெட்டிகள் வாங்கினார். எல்லாம் அவாங்-கார்ட் ஜாஸ். ராகமாவது தாளமாவது என்று அறுபது வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் சிலர் தம் இஷ்டத்துக்கு ஊதித் தள்ளிய சங்கீதம். அந்தப் பழைய ஆல்பங்களை ஆறு சிடி, எட்டு சிடி என்று சேர்த்து, அழகான பெட்டியில் போட்டு இப்போது மறுபடியும் வெளியிடுகிறார்கள்.

அவர் எந்தப் பெட்டியின் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் உறையையும் பிரித்ததில்லை. பிரித்தால் மதிப்பு போச்சு. கேட்பதற்குத்தான் போன் இருக்கிறதே! ஆபீஸுக்குக் கிளம்புமுன் ஒரு தடவை, திரும்பி வந்ததும் ஒரு தடவை பீரோவைத் திறந்து பெட்டிகளை எண்ணிப் பார்ப்பார். அதோடு சரி.

முதல் பெட்டி வந்த அன்று, "ஒரு தடவ போட்டுக் காட்டுங்களேன்," என்று பிரம்மநாயகி ஆசையாகத்தான் கேட்டாள்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? போ, போய் ஊறுகாயக் கிண்டு," என்றார்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. அன்று வாடிய முகம் பிறகு அவரைப் பார்த்து மலரவே இல்லை. வாயைத் திறந்தால் இருவருக்கும் சண்டைதான்.

பதினோரு மணிக்கு விக்னேஷ்வரன் வந்து சேர்ந்தான். பாளையங்கோட்டைக்காரன், சின்ன வயசு, இவரைப் போலவே பெட்டிப் பைத்தியம். ஐந்து பெட்டிகள் கொண்ட ஒரு வரிசையில் கோமதிநாதனிடம் மூன்றாவது மட்டும் இல்லை. உலகத்துக்கே முந்நூறுதான் போட்டார்கள். அதற்காக இரண்டு வருஷமாக யார் யாரிடமோ கெஞ்சிப் பார்த்துவிட்டார். விக்னேஷ்வரனிடம் அது கூடுதலாக ஒன்று இருந்தது. பதிலுக்கு இவருடைய எட்டு சிடி பெட்டி ஒன்றைக் கேட்டான். ஒரே நிபந்தனை: கம்பெனி சீல் பிரிக்காமல் இருக்கவேண்டும்.

பெட்டியைக் கையில் வாங்கியதும் சட்டைப்பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்தான்.

"தப்பா நெனைக்காதீங்க சார். பிரிச்ச பெட்டிய சீல் பெட்டின்னு சொல்லி ரெண்டு பேரு என்னை ஏமாத்திட்டாங்க."

"கோமதியம்மன் மேல சத்தியமா சொல்லுதேன் தம்பி. வந்தது வந்தபடி இருக்கு."

விக்னேஷ்வரன் நாலு மூலையையும் லென்ஸ் வைத்துப் பார்த்தான். விரலால் தடவினான். கடைசியில் அவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"ஒரு சுருக்கம்கூட இல்ல சார். கம்பெனிக்காரன்கூட இவ்வளவு நேர்த்தியா ஒட்டமாட்டான்!"

கோமதிநாதனுக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றாவது பெட்டி மேஜைமேல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதே மேஜையில் பிரம்மநாயகி காபி டம்ளர்களை ணங்கென்று கொண்டுவந்து வைத்தாள்.

"அக்காவும் இதெல்லாம் கேப்பாங்களா சார்?" என்று மரியாதைக்குக் கேட்டான் விக்னேஷ்வரன்.

"இவளா?" கோமதிநாதன் விழுந்து விழுந்து சிரித்தார். "சிடி கீறல் விழுந்து திக்குனாக்கூட, அதான் வாசிப்புன்னு தலைய ஆட்டிக்கிட்டு இருப்பா. பாட்டிலுக்குச் சட்ட மாட்டத்தான் தம்பி இவ லாயக்கு."

பிரம்மநாயகியின் முகம் சிவந்தது. ஆனால் ஆச்சரியம், அவள் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் மனிதன் முன்னால் இவள் வாயை அடைத்தாயிற்று என்று கோமதிநாதனுக்குச் சந்தோஷம் இரட்டிப்பானது.

விக்னேஷ்வரன் காபியைக் குடித்துவிட்டு எழுந்தான். எட்டு சிடி பெட்டியைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். கோமதிநாதன் மூன்றாவது பெட்டியை எடுத்துப் பச்சைப்பிள்ளையைப் போல மடியில் வைத்துக்கொண்டார்.

அவன் வாசலில் செருப்பை மாட்டும்போது பிரம்மநாயகி கூப்பிட்டாள்.

"தம்பி, அதுல நாலாவது சிடி பதினோராவது நிமிசத்துல திக்கும். அது வாசிப்பு இல்ல, கீறல்."