திறக்காத ஃபைல்

"சுதர்சன், இந்த வாரமும் உங்க டெஸ்ட் ரிசல்ட் ஃபைல் திறக்கலை. புது வெர்ஷன்ல சேவ் பண்ணியிருக்கீங்க. என்கிட்ட இருக்கிறது பழசு," என்றாள் மைதிலி போனில்.

"மறந்துட்டேங்க. பழைய வெர்ஷனுக்கு மாத்தி, பென் டிரைவ்ல நானே கொண்டு வரேன்."

மருந்துக் கம்பெனியில் சுதர்சனின் அல்வால் லேபுக்கும் மைதிலியின் ஜீடிமெட்லா லேபுக்கும் நடுவில் வாராவாரம் இதே கதை. ஜீடிமெட்லா மேனேஜர் பக்தவத்சலத்துக்குப் பொறுமை போயிற்று. ஐ.டி. ஆளைக் கூப்பிட்டார்.

"மைதிலி கம்ப்யூட்டர்ல புது வெர்ஷன் போடுப்பா."

"போன மாசமே போட்டாச்சே சார்."

அப்புறமும் ஏன் திறக்கவில்லை என்ற குழப்பத்தோடு அல்வால் மேனேஜர் ஸ்டெல்லாவுக்கு போன் போட்டார்.

"உங்க சுதர்சனைப் பழைய வெர்ஷன்லயே அனுப்பச் சொல்லுங்க மேடம்."

"அவன்கிட்ட இருக்கிறதே பழசுதான் சார். வாராவாரம் என் லேப்டாப்பைக் கேட்டு வாங்கி, புது வெர்ஷனுக்கு மாத்தி அனுப்பறான். நீங்கதான் அப்படிக் கேக்கறதா சொன்னானே."

பக்தவத்சலம் கேபினை விட்டு வெளியே வந்தார். அதற்குள் சுதர்சன் வந்து மைதிலிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். நடுவில் இரண்டு டீ. பென் டிரைவ் இன்னும் அவன் சட்டைப் பையில்தான் இருந்தது.

அவரைப் பார்த்ததும் எழுந்தான். "ஸாரி சார். அடுத்த வாரத்திலிருந்து பழைய வெர்ஷன்லயே..."

"பரவால்லப்பா. புதுசுலயே அனுப்பு," என்றார் பக்தவத்சலம்.